பிள்ளை எழுதுவதை வாசிக்கப் போவது யார்?

சென்ற மாதம் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம் இது. நேரம் போதாமல் வானொலியில் விட்டுப்போன சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "என் வீடு" என்று எழுதச் சொன்னால் என்ன வரும்? தாகேதாவில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "என் வீடு அழகானது. என் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். என் வீடு எனக்குப் பிடிக்கும்." அவ்வளவுதான், பென்சில் கீழே போய்விடும். அதே பிள்ளையிடம், "சென்னை வியாசர்பாடியில் உன் பெரியப்பா பேரன் இருக்கிறானே, அவன் நம் தெருவைப் பார்த்ததே இல்லை. மழைக்காலத்தில் இங்கே எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். பலகை போட்டு நடப்பது வரும். செருப்பு மிதந்து போனது வரும். பக்கத்து வீட்டு வாத்து உள்ளே வந்து நின்றது வரும். எழுத்துப் பிழையோடு வரும், பாதி பர்மியச் சொல்லாக வரும், ஆனாலும் வரும்.

இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். முதல் கட்டுரையை வாசிக்கப் போகிறவர் ஆசிரியர். அந்தத் தெருவில்தான் அவரும் நடக்கிறார். பிள்ளை சொல்லி அவர் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்பது பிள்ளைக்கும் தெரியும். இரண்டாவதை வாசிக்கப் போகிறவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

வலைப்பூ, அசைபடம், ஒலிப்பதிவு, கணினியில் கதைப் புத்தகம் என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று எத்தனையோ வழிகளைச் சொல்கிறார்கள். பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்டதும் "எந்த ஆப் நல்லது" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இதை வாசிக்கப் போவது யார் என்பது. ஓடி வந்து குடியேறிய நம் போன்ற குடும்பங்களுக்கு அந்தக் கேள்விக்கு இன்னொரு பாதியும் உண்டு: யார் கையில் இது போகக் கூடாது?

இது கணினி வந்த பிறகு தோன்றிய யோசனை அல்ல. பிரான்சு நாட்டின் தெற்கில், பார்-சூர்-லூ என்ற மலைக் கிராமத்தில் செலஸ்தேன் ஃப்ரேனே என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். வகுப்பில் நீண்ட நேரம் பேசினால் மூச்சு வாங்கும். பேசிப் பேசிப் பாடம் நடத்த முடியாத நிலையில், பிள்ளைகளையே செய்ய வைக்கும் வழி தேடினார். 1924ஆம் ஆண்டு வாக்கில் சிறிய கை அச்சு இயந்திரம் ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். வீட்டில், வயலில், வழியில் கண்டதைப் பிள்ளைகள் எழுதுவார்கள். வகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். எல்லோருமாகக் கரும்பலகையில் திருத்துவார்கள். பிறகு பிள்ளைகளே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடிப்பார்கள்.

அச்சடித்த தாள்கள் எங்கே போயின என்பதுதான் நமக்கு முக்கியம். நாட்டின் மறு கோடியில், பிரிட்டனிக் கடற்கரையில் இருந்த ஒரு பள்ளிக்குப் போயின. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலைப் பிள்ளைகளுக்குக் கடல் தெரியாது, கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒலிவத் தோப்பு தெரியாது. ஆகவே எழுத விஷயம் இருந்தது. ஒரு எழுத்து தலைகீழாகக் கோத்திருந்தால் அங்கே சிரிப்பார்கள் என்பதால் பிழை திருத்தவும் காரணம் இருந்தது. இன்று வகுப்பு வலைப்பூ என்று சொல்வதெல்லாம் இந்தத் தாள்களின் பேரப்பிள்ளைதான்.

நம் பெரியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தமிழ்நாட்டில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தாத ஊர் உண்டா? மு. கருணாநிதி திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது 'மாணவ நேசன்' என்று கையெழுத்து ஏடு நடத்தியவர். கையால் படியெடுத்து, கை மாறிக் கை மாறிப் படிக்க வைப்பார்கள். மின்சாரமும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம். இப்போது நமக்குக் கரண்ட் முறை வைத்து வருகிற நிலையில் இதை ஒரு மாற்று வழியாக அல்ல, முதல் வழியாகவே எண்ணலாம் என்பது என் கருத்து.

இனி வலைப்பூ என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. இணையத்தில் ஒருவர் நாட்குறிப்புப் போல் எழுதிச் சேர்க்கும் பக்கம் அது. புதிதாக எழுதியது மேலே நிற்கும், பழையது கீழே இறங்கும். வாசித்தவர் அடியில் மறுமொழி எழுதலாம். தமிழில் 2003 முதல் இது பரவியது. வலைப்பூ என்ற அழகான பெயரும் அந்தக் காலத்தில் வந்ததே. வகுப்புக்கு என்று நடத்தும்போது கணக்கு ஆசிரியர் பெயரில் இருக்கும், பிள்ளைகள் எழுதித் தருவதை அவர் ஏற்றுவார். பெரும்பாலான இணைய நிறுவனங்கள் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனிக் கணக்குத் தருவதில்லை. வயதை மாற்றிப் போட்டுப் பிள்ளை பெயரில் கணக்குத் திறந்து கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது வேண்டாம்.

ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் வலைப்பூ எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் நடந்ததைச் சொல்லலாம். 2012 ஏப்ரல் இறுதியில் மார்த்தா பெயின் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தந்தையின் உதவியோடு 'நெவர்செகண்ட்ஸ்' என்ற வலைப்பூவைத் தொடங்கினாள். பள்ளியில் தரும் மதிய உணவைத் தினமும் படம் எடுத்து மதிப்பெண் போடுவாள். எத்தனை வாய் சாப்பிட்டாள், உடம்புக்கு நல்லதா, விலை என்ன என்று எழுதுவாள். தட்டில் எத்தனை தலைமுடி இருந்தது என்றும் ஒரு வரி உண்டு! உலகெங்கும் பிள்ளைகள் தங்கள் பள்ளிச் சாப்பாட்டின் படத்தை அவளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஜூன் மாதம் உள்ளாட்சி மன்றம் படம் எடுக்கத் தடை போட்டது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு மறுநாளே தடையை நீக்கியது. அந்த வலைப்பூவின் வழியே ஒரு இலட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் மலாவியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமையற்கூடம் கட்ட அது உதவியது.

இந்தக் கதையில் இரண்டு சின்ன விஷயங்களைக் கவனியுங்கள். அவள் எழுதியது 'வெஜ்' என்ற புனைபெயரில். படம் எடுத்தது தட்டை, முகத்தை அல்ல. அமைதியான நாட்டில், வசதியான ஊரில் இருந்தும் அவ்வளவு கவனம்.

அமைதியில்லாத இடத்தில் நடந்தது வேறு கதை. பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் 2009 ஜனவரியில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி பிபிசி உருது இணையப் பக்கத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள். பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாது என்று தாலிபான் கட்டளையிட்ட நாட்கள் அவை. அவளுடைய பெயரைப் போடவில்லை, குல் மகாய் என்ற நாட்டுப்புறக் கதை நாயகியின் பெயரில் குறிப்புகள் வந்தன. நாட்குறிப்பு மார்ச் மாதம் முடிந்தது. மே மாதம் சண்டை மூண்டு குடும்பம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தது. எழுதியவள் மலாலா யூசஃப்சாய் என்பது பின்னர் வெளியே தெரிந்தது. 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வண்டியில் வைத்து அவளைச் சுட்டார்கள். பிழைத்தாள், 2014இல் நோபல் அமைதிப் பரிசும் பெற்றாள். ஆனால் பரிசை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை உற்சாகப்படுத்துவது முழு உண்மை ஆகாது. பெயர் மறைவாக இருந்தவரை அந்த எழுத்து வேறு, பெயர் தெரிந்த பிறகு வேறு.

நம் பிள்ளைகள் வாத்தைப் பற்றியும் செருப்பைப் பற்றியும்தானே எழுதுகிறார்கள், அதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு முறை பிள்ளைகள் வரைந்த படங்களைக் கைப்பேசியில் எடுத்து உறவினர் குழு ஒன்றுக்கு அனுப்பினோம். அனுப்பிய பிறகுதான் ஒருவர் சுட்டிக்காட்டினார்: ஒரு சிறுமி தன் வீட்டை மிக அக்கறையாக வரைந்து, வாசலில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் பர்மிய எழுத்தில் எழுதியிருந்தாள். அப்பா வேலை செய்யும் இடத்தின் பெயர்ப் பலகையும் பக்கத்தில் இருந்தது. அந்தப் படம் எத்தனை கைப்பேசிக்குப் போனதோ! குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் அவர்கள் பெருமைப்பட்டு வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருந்தார்கள்.

அதன் பிறகு வகுப்பில் ஒரு பழக்கம் வைத்தோம். எழுதும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ. படம் எடுத்தால் கை, தட்டு, களிமண் பொம்மை, ஓவியம் இவற்றை மட்டும். முகமும் பள்ளிச் சீருடையும் வேண்டாம். கைப்பேசிக் கேமராவின் அமைப்பில் இருப்பிடம் என்று ஒன்று உண்டு. அது திறந்திருந்தால் படம் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதை நிறுத்திவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். இணையத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால், அழைக்கப்பட்டவர் மட்டும் வாசிக்கும்படி வலைப்பூவைப் பூட்டலாம். பிளாக்கர் போன்ற இலவச வசதியில் நூறு பேர் வரை இப்படி அழைக்க முடியும். ஒரு வகுப்பின் உற்றார் உறவினருக்கு நூறு பேர் போதும். முகநூல் இங்கே 2021 பிப்ரவரி முதல் முடக்கப்பட்டிருக்கிறது. அதற்குச் சுற்று வழி தேடிப் பிள்ளைகளின் வேலையை அங்கே கொண்டுபோகத் தேவையே இல்லை.

அடுத்து, தமிழ் எழுத்து. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பர்மிய மொழி, ஆங்கிலம். தமிழ் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம், கோயில் மண்டபத்திலோ யாராவது வீட்டுத் திண்ணையிலோ. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இந்த நிலைதான். தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் 247 எழுத்து என்றால் மலைத்துப் போகும்.

இங்கேதான் தட்டச்சு உண்மையாகவே உதவுகிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளே அடிப்படை. 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி' ஆகும். 'ம' இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குத் தானே புள்ளி விழும். ஆகவே அ, ம, ம, ஆ என்று நான்கு விசையில் 'அம்மா'. த, ம, ப, இ என்று தட்டினால் 'தம்பி'. ம-வுக்குப் பின் ப வந்தால் இடையில் புள்ளி வரும் என்பது அதற்குத் தெரியும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று நாம் கரும்பலகையில் விளக்குவதை, பிள்ளை விரலால் செய்து பார்க்கிறது. ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்துத் தமிழாக்கும் முறையும் உண்டு. பெரியவர்களுக்கு அது சுலபம், பிள்ளைகளுக்கு நான் சொல்ல மாட்டேன். தமிழ் எழுத ஆங்கிலத்தின் வழியே போகும் பழக்கம் ஏற்பட்டுவிடும்.

கைப்பேசியில் இந்த விசைப்பலகை வேண்டுமானால் 'செல்லினம்' இருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது, 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமானது. (தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரான சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியும் ஒரு ஆசிரியர்தான், சிறுகதை எழுத்தாளரும்கூட. ஆசிரியர்கள் கணினிக்குப் பயப்படுகிறார்கள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.)

எழுதியதைச் சேமிக்கும்போது யூனிகோடு முறையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பர்மிய எழுத்தில் ஜோஜீ, யூனிகோடு என்று இரண்டு முறை இருந்து, ஒருவர் அனுப்பியது இன்னொருவர் கைப்பேசியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த தொல்லை உங்களுக்கு நினைவிருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறியது. தமிழிலும் பழைய எழுத்துருக்களில் அடித்தவை பல இன்று திறப்பதில்லை. பிள்ளை எழுதியது இருபது ஆண்டு கழித்தும் திறக்க வேண்டும் அல்லவா?

எழுதவே வராத பிள்ளை என்றால் பேசட்டும். கைப்பேசியில் பேசினால் தமிழ் எழுத்தாக மாற்றும் வசதியைக் கூகுள் 2017 முதல் தருகிறது. பர்மியச் சொல் கலந்த நம் வீட்டுத் தமிழ் அதற்குப் பாதி புரியாது, வேடிக்கையாக எதையாவது எழுதும். அதைப் பிள்ளையே பார்த்துச் சிரித்துத் திருத்துவது நல்ல வாசிப்புப் பயிற்சி. இணையம் இல்லாவிட்டால் பிள்ளை சொல்வதைப் பெரியவர் அப்படியே எழுதிக் கொடுக்கட்டும், பிள்ளை அதைப் பார்த்து எழுதட்டும். 'அப்படியே' என்பது முக்கியம். ல, ள, ழ திருத்தலாம். "வாத்து உள்ளாற வந்துருச்சு" என்பதை "வாத்து உள்ளே வந்தது" என்று மாற்றினால் அது பிள்ளையின் வாக்கியம் அல்ல.

படம் செய்யும் கருவிகளில் ஸ்கிராட்ச் ஜூனியர் ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஏற்றது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2014இல் வெளியிட்டவை, இலவசம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் வேண்டாம். கட்டளைகள் எல்லாம் படமாக இருப்பதால் எந்த மொழியும் படிக்கத் தெரிய வேண்டாம். கட்டைகளை வரிசையாக அடுக்கினால் பொம்மை நடக்கும், குதிக்கும். பிள்ளை தன் குரலையும் பதியலாம். நான்கு பக்கம் வரை கதை கட்டலாம். சிறிய கைப்பேசிக்குச் சரிவராது, டேப்லெட் வேண்டும். அது இல்லாத வீடே அதிகம் என்பது தெரியும்.

கைப்பேசி ஒன்று போதும் என்றால் அசைபடம் செய்யலாம். புளியங்கொட்டைகளைத் தரையில் அடுக்கி ஒரு படம், கொஞ்சம் நகர்த்தி அடுத்த படம். நொடிக்கு ஐந்து படம் ஓட்டினால் பிள்ளைகளுக்குப் போதும். இருபது நொடிக் கதைக்கு நூறு படம். நூறு முறை நகர்த்தப் பொறுமை வேண்டும், குறும்புக்காரப் பிள்ளைகள்தாம் இதில் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள். கைப்பேசி ஆடாமல் இருக்க இரண்டு செங்கல் போதும்.

பிரதம் புக்ஸ் என்ற இந்திய நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம், இலவசமாக இறக்கி அச்சிடலாம். அங்குள்ள படங்களை வைத்துச் சொந்தக் கதையும் எழுதலாம். இணையம் கிடைக்கும் ஒரு நாளில் பத்துக் கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் ஒரு பருவத்துக்கு ஆகும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் மிக முக்கியம் என்று கருதும் வேலைக்கு வருகிறேன். பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதுவது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்ததையும், அடுத்த ஆண்டு இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து நடந்ததையும் நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. சுதந்திரத்துக்குப் பின் கிராமப்புறத்தில் சண்டை மூண்டபோது ஊரைவிட்டு ரங்கூனுக்கு ஓடி வந்தவர்கள் நகரின் நடுவே குடிசை போட்டார்கள். 1958க்கும் 1960க்கும் இடையில் அந்தக் குடிசைகளை அகற்றி, தாகேதாவிலும் இரு ஒக்கலப்பாக்களிலும் குடியேற்றினார்கள். இந்த மண்ணில் நம் தெருக்கள் வந்த கதை அதுதான். 1964 முதல் கப்பலேறிய சொந்தங்கள் ஒரு புறம், இங்கேயே நின்றவர்கள் ஒரு புறம். 2008 மே மாத நர்கிஸ் புயலை இன்றைய பிள்ளைகளின் பெற்றோரே சொல்ல முடியும்.

பிள்ளையிடம் "வரலாற்றைக் கேட்டு வா" என்று அனுப்பினால் பாட்டி, "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம்" என்று முடித்துவிடுவார். சின்னக் கேள்வி கொடுத்து அனுப்புங்கள். வரும்போது எந்தப் பாத்திரத்தை எடுத்து வந்தீர்கள்? தாகேதாவில் முதல் இரவு எதன் மேல் படுத்தீர்கள்? தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? பாத்திரம் இன்னும் வீட்டில் இருந்தால் அதை வரையட்டும், படம் எடுக்கட்டும். பாட்டியின் குரலை இரண்டு நிமிடம் பதியட்டும்.

பதியும் முன் கேட்க வேண்டும். பதிந்த பிறகும் கேட்க வேண்டும். பேரப்பிள்ளையிடம் சொல்லும்போது பாட்டி தன்னை மறந்து சிலதைச் சொல்லிவிடுவார். யார் யாரை விட்டு வந்தார்கள், யாரிடம் எந்தத் தாள் இல்லை, எந்தப் பிள்ளை வழியில் போனது. அழுகை வந்தால் பதிவை நிறுத்திவிடச் சொல்லிக் கொடுங்கள். முடிந்ததும் பாட்டிக்கே போட்டுக் காட்டி, "இதை வியாசர்பாடிக்கு அனுப்பலாமா, வகுப்பில் மட்டும் வைக்கலாமா, வீட்டோடு இருக்கட்டுமா?" என்று பிள்ளையே கேட்கட்டும். மூன்று பதிலும் சரியான பதில்தான். வீட்டோடு இருக்கட்டும் என்றால் ஆசிரியரும் அதைக் கேட்கக் கூடாது.

அனுப்பலாம் என்று சொன்னவற்றைத் தாளிலும் எழுதி வையுங்கள். ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம் கிடைக்கும். தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். முதல் பக்கத்தில் பாத்திரத்தின் படம், உள்ளே பக்கத்துக்கு இரண்டு வரி, கடைசிப் பக்கத்தில் தேதியும் பூவின் பெயரும். இரண்டு படி செய்யச் சொல்லுங்கள். ஒன்று ஊருக்குப் போகிறவர் யார் கையிலாவது போகட்டும், மற்றது பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும்.